லித்துவேனியாக்காரரும் மாப்பிள்ளையின் அப்பாவின் உயரமும்

ஸ்ரூடியோ வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அந்த நாளையிலை இதை எப்பிடிச் செய்தனீங்கள்?" எப்படிச் செய்தோம் என்பதால் உங்களுக்கு இனி ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு மாமாவை வெட்டிப் படத்தில் ஒட்ட நான் அரைநாள் மினக்கெட்டிருக்கிறேன். நீங்கள் தொலைபேசியைத் தட்டினால் மாமா கோட்டுச் சூட்டோடு வந்து நிற்கிறார், பல்லும் வெளுத்திருக்கிறது. ஆகவே கருவிகளைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. வாடிக்கையாளர் முன்னால் நிற்க, நேரம் போய்க்கொண்டிருக்க, ஒருவருக்கும் ஒன்றும் ஓடாத நேரத்தில் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் சொல்ல முடியும். அதையும் நான் எங்கள் கடையில் வேலை செய்த ஒரு லித்துவேனியாக்காரரிடம்தான் கண்டேன்.

அவர் பெயரை எழுதவில்லை. தன் படங்களிலேயே கையெழுத்தை ஒரு புல்லுக்கடியில் ஒளித்து வைக்கிற மனிதர் அவர். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எல்லோருக்கும் அவர் லித்துவேனியா அண்ணைதான். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஆனாலும் ஊர் அண்ணை என்றால் நானும் அண்ணை என்றேன். அவர் என்னைப் "பத்ரோன்" என்பார். பிரெஞ்சில் அது முதலாளி அம்மா. அந்தச் சொல்லை அவர் சொல்லும்போது அதில் கொஞ்சம் நக்கல் இருக்கும்.

எங்கள் கடை ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில், மரக்கறிக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் இருந்தது. பிறந்தநாள் பனர், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு அல்பம், கலியாணக் கார்ட், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் எல்லாம் செய்தோம். பிறந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போய்விட முடியாது, செத்தும்கூட.

ஒரு மழை நாளில் அவர் தன் கண்காட்சிக்குச் சுவரொட்டி அடிக்க வந்தார். நான் ஒரு பனருக்கு எழுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மனிதர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, என் மேசையிலிருந்த பென்சிலையே எடுத்து என் தாளிலேயே கோடு போட்டார். "மதாம், இந்த எழுத்து பக்கத்து எழுத்தின் காலை மிதிக்கிறது" என்றார். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாத ஆள் எனக்குத் தமிழ் எழுத்துத் திருத்துகிறார்! எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. பிறகு தாளைப் பார்த்தேன். மிதித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் கண்காட்சிக்குப் போனேன். என்னைத் தவிர அங்கே மழைக்கு ஒதுங்கிய ஒருவர் நின்றார், மழை விட்டதும் அவரும் போய்விட்டார். சுவரில் இருந்தவை ஒரு ஆளின் வேலையா, ஐந்து பேரின் வேலையா என்று எனக்குப் பிடிபடவில்லை. சிறுவர் கதைப் புத்தகங்களுக்கு வரைந்த படங்கள், நாடகச் சுவரொட்டிகள், மரத்தில் செதுக்கி அச்சடித்த பறவைகள், தீப்பெட்டி லேபல்கள், புத்தகத்தின் உள்ளட்டையில் "இது இன்னாருடையது" என்று ஒட்டுகிற சின்னச் சின்ன அச்சுப் படங்கள். இன்னொரு சுவர் முழுக்கப் புகைப்படம். அவருடைய நாட்டுக் கிராமத்துச் சனம் தங்கள் தங்கள் வீட்டுக் கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு தொழிலில் நிலைக்கத் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். அடுத்த கிழமை அவர் வந்து, செதுக்கு வேலைக்குக் கடையின் பின் அறை கிடைக்குமா, பதிலுக்கு உங்கள் வேலைகளைச் செய்கிறேன் என்று கேட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை அன்றைக்குத் தொடங்கியது.

முதல் வேலையே ஒரு கலியாணக் கார்ட். எல்லோரும் தாமரையும் குத்துவிளக்கும் போடுவார்கள். இவர் கார்ட்டைச் சுற்றிவர ஒரு மெல்லிய செடியைச் செதுக்கி அச்சடித்தார், அவ்வளவு வடிவு. அவருடைய நாட்டில் மணமகள் தலையில் சூடுகிற செடியாம், கன்னிப்பெண்ணின் அடையாளமாம். பெண்வீட்டார் கார்ட்டை எடுக்க வந்திருந்த நேரம், எங்கள் வாடிக்கையாளர் ஒரு பாண்டிச்சேரி அம்மாவும் கடையில் நின்றார். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவர். கார்ட்டைக் கையில் எடுத்து, "அட, சதாப்பு எலை! கொழந்தைக்கு வயிறு உப்பினா இதைத்தானே அரைச்சுக் குடுப்போம். என்ன, கல்யாணத்துக்கு முன்னாடியே மருந்து ரெடியா?" என்றார்.

பெண்ணின் தாய் நின்ற இடத்திலேயே சிவந்து போனார். நான் லித்துவேனியாக்காரரைப் பின் அறையிலிருந்து இழுத்து வந்து விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். "பாரிசில் இந்தச் செடியை அடையாளம் கண்ட முதல் ஆள் நீங்கள்தான், மதாம்!" அந்த அம்மா குளிர்ந்து போய், இந்தச் செடி வீட்டில் இருந்தால் பாம்பும் வராது, கண்ணூறும் அண்டாது என்று பெண்ணின் தாய்க்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். கார்ட் தப்பியது. பிள்ளைகள், வரைந்ததை அச்சேற்ற முதல் உங்களுக்கு வேண்டாத ஒருவருக்குக் காட்டுங்கள். வேண்டியவர்கள் வடிவு என்றுதான் சொல்லுவார்கள்.

இன்னொன்றையும் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். இளவயதில் அவர் தன் நாட்டில் அரசாங்கச் சுவரொட்டிகள் வரைந்தவர். ஒரு கூட்டுப் பண்ணையின் தலைவரையும், பரிசு பெற்ற பசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொன்னார்களாம். தலைவர் குள்ளம், பசு பென்னாம்பெரிது. தலைவரை உயர்த்தினால் சனம் சிரிக்கும், ஆகவே பசுவைக் குறை என்று மேலிடத்து உத்தரவு. குறைத்தார். சுவரொட்டி ஒட்டிய பிறகு மாவட்டம் முழுக்க ஒரே கேள்வி: தலைவர் ஏன் ஆட்டோடு நிற்கிறார்? பசுவை வளர்த்தவர் வந்து அழுதாராம். "அதற்குப் பிறகு நான் யாருடைய உயரத்தையும் தொடுவதில்லை, பத்ரோன்" என்று அவர் சொன்னபோது நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அன்ரன் வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை.

அன்ரன் பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் இருந்த பொடியன். கரையோரக் கத்தோலிக்கக் குடும்பம். மீசை முளைக்க முதல் தனியாக இங்கே வந்து, அகதி அட்டை எடுத்து, ருவாசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை செய்தார். நாள் முழுக்க ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியை ஏற்றுவார், தான் ஏற முடியாது. அவருக்கும் பியர்ஃபித்-சூர்-செய்னில் பிறந்து வளர்ந்த மெலனிக்கும் கலியாணம் பொருந்தியிருந்தது.

"அக்கா, அப்பாவுக்கு விசா மறுத்திட்டாங்கள். ரெண்டாம் தரமும்" என்றார். "அம்மா செத்ததுக்கும் நான் போகேலாமல் போச்சு. என்ரை பப்பி அகதி அட்டை, அதிலை ஊருக்குப் போகேலாது. கலியாணப் படத்திலையாவது அப்பா என்னோடை நிக்கவேணும். எல்லாப் படத்திலையும் சேர்த்து விடுவியளோ?"

எங்கள் கடைக்கு இது புதிதில்லை. தூதரகம் மறுத்தவர்களுக்கெல்லாம் நான்தான் விசா கொடுத்தேன். தாய்மார், தமையன்மார், சித்தப்பாமார் என்று எத்தனையோ பேர் என் கணினிக்குள்ளால் பிரான்சுக்கு வந்து கேக் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். "செய்யலாம் தம்பி" என்று சொல்லி, பழைய அல்பங்களை எடுத்துக் காட்டினேன்.

லித்துவேனியாக்காரரும் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இந்தப் படங்களில் ஒருவரும் இவர்களுக்கு இடம் விடவில்லை" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். வந்து சேர்ந்த சித்தப்பாவைப் பக்கத்தில் நிற்கிற ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரின் தோளும் விலகவில்லை. சித்தப்பா மற்றவர்களின் தலைகளுக்கு நடுவில் எட்டிப் பார்க்கிறார். அன்ரனுக்கு முகம் கறுத்துப் போனது. என் அல்பத்தைக் கெடுக்கிற ஆளை என்ன செய்யலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் தன் திட்டத்தைச் சொன்னார். தகப்பனின் அளவிலேயே அட்டையில் ஓர் ஆளை வெட்டி மண்டபத்தில் நிறுத்துவோம். சனம் அதற்குப் பக்கத்தில் நிற்கட்டும், தோளில் கை போடட்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு படக்காரர் தகப்பனை அதே வெளிச்சத்தில் எடுத்து அனுப்பட்டும். பிறகு அட்டை நிற்கிற இடத்தில் ஆளை வைப்போம்.

சும்மா வெள்ளை அட்டை போதும். ஆனால் அவரிடம் சும்மா ஒன்றும் நடக்காது. முகம், சட்டை, கைவிரல் எல்லாவற்றையும் லினோலியத் தகட்டில் துண்டு துண்டாகச் செதுக்கி, என் வீட்டு அகப்பையின் முதுகால் தேய்த்துத் தேய்த்து அச்செடுத்தார். அதற்கு முதல் ஆளின் உயரம் தெரிய வேண்டும்.

கடைக் கணினியில் காணொளி அழைப்பு எடுத்தோம். தகப்பன் சவரிமுத்தர் தன் வீட்டு முற்றத்தில் நின்றார். பக்கத்தில் யாழ்ப்பாணத்துப் படக்காரர் அளவு நாடாவோடு.

"அஞ்சடியும் ஒரு அங்குலமும்" என்று படக்காரர் சொன்னார்.

"பிழை!" என்று அன்ரன் கத்தினார். "அப்பா ஆறடி. திருவிழாவிலை உங்கடை தோளிலை இருந்து நான் முழுச் சனத்துக்கும் மேலாலை பார்த்தனான். அப்பா, நீங்கள் சொல்லுங்கோ."

சவரிமுத்தர் படக்காரரின் நாடாவைக் கையால் தள்ளிவிட்டார். "ஓம் தம்பி" என்றார் பிறகு. "இவர் நாடாவைத் தலைகீழாப் பிடிச்சிட்டார். ஆறடிதான்."

பக்கத்து மரக்கறிக் கடையில் அந்த ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் விசாரித்தேன். "சவரிமுத்தரோ? அந்தாள் எழும்பி நிண்டாலும், ஏன் இன்னும் குந்தியிருக்கிறியள் எண்டு கேப்பம்" என்றார்.

பின் அறையில் எனக்கும் லித்துவேனியாக்காரருக்கும் சண்டை. வாடிக்கையாளரின் தகப்பன், வாடிக்கையாளர் சொல்கிற உயரம், ஆறடி வெட்டுங்கள் என்றேன். மாட்டேன், ஒரு பசு போதும் என்றார். அன்ரன் கேட்டால் என்ன சொல்வது என்றேன். உள்ளதைச் சொல்லுங்கள் என்றார். வருஷக்கணக்காகத் திரையில் மட்டும் தகப்பனைப் பார்த்த பிள்ளையிடம், திரையில் ஒருவருக்கும் உயரம் தெரியாது தம்பி, உன் அப்பா குள்ளம் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? எனக்கு மனம் வரவில்லை. அட்டை வெட்டாமல் கிடந்தது.

மற்ற நாள் முழு உடம்புப் படம் எடுக்க மீண்டும் அழைப்பு. சவரிமுத்தர் சட்டைக்குப் பொத்தான் போட்டு, வேட்டி கட்டி, நிமிர்ந்து நின்றார். அன்ரன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து "வடிவாய் இருக்கிறியள் அப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். லித்துவேனியாக்காரர் என் காதருகில் வந்து, "காலைப் பாருங்கள்" என்றார்.

சவரிமுத்தர் நுனிக்காலில் நின்றார். மகன் பார்க்கிறான் என்று தெரிந்த நேரம் முழுக்க, படக்காரர் வெளிச்சத்தைத் திருத்தி, கொடிக்கயிற்றை அவிழ்த்து, நாயைத் துரத்தி முடிக்கும் மட்டும், அந்த மனிதர் குதிக்காலை நிலத்தில் வைக்கவே இல்லை. கெண்டைக்கால் நடுங்கியது திரையிலும் தெரிந்தது.

அழைப்பு முடிந்ததும் லித்துவேனியாக்காரர் கத்தியை எடுத்து அட்டையை ஆறடிக்கு வெட்டினார். "உங்கள் கொள்கை?" என்று கேட்டேன். "தன்னைச் சின்னதாக்கச் சொல்லி அந்தப் பசு கேட்கவில்லை, பத்ரோன்" என்றார். "இவர் தன்னை உயர்த்தச் சொல்லிக் கேட்கிறார்."

கலியாண நாளில், கூட்டிய அந்த உயரத்தால் அட்டை மனிதர் எங்கள் காருக்குள் ஏறமாட்டேன் என்றார். காலை மடக்கினால் முறிந்துவிடும். வேறு வழியில்லாமல் லித்துவேனியாக்காரரும் நானும் அவரைத் தூக்கிக்கொண்டு கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்தோம். சாப்பாட்டுக் கடைத் துண்டுப் பிரசுரம் கொடுப்பவர் எங்கள் இருவருக்கும் ஒவ்வொன்று கொடுத்து, அட்டை மனிதருக்கும் ஒன்று நீட்டினார்.

ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்தார். எங்கள் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, கதவோரம் சாய்ந்து நின்றவரைக் காட்டி, "இந்த ஐயாவினுடையது?" என்றார். பகிடிதான். லித்துவேனியாக்காரருக்குப் பகிடி பிடிபடாது. மிகவும் பணிவாக, "இவருக்கு விசா கிடைக்கவில்லை" என்றார். பரிசோதகர் யோசித்தார். "அப்படியென்றால் இவர் பிரான்சில் இல்லை" என்றார். "இல்லை" என்றார் இவர். "பிரான்சில் இல்லாதவருக்குச் சீட்டுத் தேவையில்லை" என்று சொல்லி, தொப்பியைத் தொட்டு அட்டை மனிதருக்கு வணக்கம் வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

பியர்ஃபித் மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினோம். கோவிலில் பூசை முடிந்து சனம் வரத் தொடங்கியது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் பூங்காவில் படம் எடுக்கப் போயிருந்தார்கள், ஆகவே சனத்துக்கு வேடிக்கை பார்க்க இவர்தான் கிடைத்தார். முதலில் ஒரு பெரியவர் அட்டையின் கையைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு வரிசை. ஒருவர் தன் மகளின் படிப்பைப் பற்றி அதனிடம் சொன்னார். யாரோ அதன் காலடியில் ஒரு தட்டில் ரோல்ஸ் வைத்தார்கள், அதற்குப் பக்கத்தில் இன்னொருவர் தேத்தண்ணி வைத்தார். எங்கள் மரக்கறிக் கடைக்காரர் மட்டும் அட்டையை ஏற இறங்கப் பார்த்து, "ஆள் வளர்ந்திட்டார்" என்றார்.

எனக்குத் தாகமெடுத்தது. குசினிப் பக்கம் போனேன். பின் கதவடியில், தனக்குப் பெரிதான ஒரு குளிர்ச் சட்டைக்குள் ஒரு சின்ன மனிதர் பெட்டியோடு நின்றார். சமையல்காரர்கள் வெங்காய மூட்டை வந்துவிட்டது என்று நினைத்து ஆளைத் தள்ளிவிட்டுப் பின்னால் தேடிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்க வந்ததையே மறந்துபோனேன். அந்த முகத்தின் ஒவ்வொரு கோட்டையும் லித்துவேனியாக்காரர் என் கண்முன்னால்தான் செதுக்கியிருந்தார்.

"அக்கா, நீங்கள் படக்கடை அக்கா அல்லோ?" என்றார் சவரிமுத்தர். "கடைசி நேரத்திலை விசா தந்திட்டாங்கள். தம்பிக்குச் சொல்லவேண்டாம் எண்டு சம்பந்தி அம்மாவிட்டைச் சொன்னனான். ரெண்டு தரம் நம்பி உடைஞ்சவன். பிளேன் பிந்திப் போச்சு. கோவிலுக்கு வரேலாமல் போச்சு."

நான் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் கூட்டிப் போனேன். வாசலிலேயே அவர் நின்றுவிட்டார். மேடைக்குப் பக்கத்தில் ஆறடி சவரிமுத்தர் நிமிர்ந்து நிற்க, சனம் சுற்றி நின்று படமெடுக்கிறது. இவர் மெல்லக் கிட்டப் போனார். அண்ணாந்து பார்த்தார். அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு கிழவி அவர் முதுகில் தட்டினார். "தம்பி, கொஞ்சம் விலகுங்கோ. மாப்பிள்ளையின்ரை அப்பாவை மறைக்கிறியள்."

அவர் விலகினார். விலகி, என்னிடம் வந்தார்.

"அக்கா, நான் குசினியிலையே இருக்கிறன். படம் எடுத்து முடியட்டும். அவன் இந்த அப்பாவோடை எடுக்கட்டும்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்?" என்று கத்திவிட்டேன். "அந்தப் பிள்ளை உங்களை எதிர்பார்த்து எத்தினை வருஷம்!"

"ஆறடி அப்பாவையல்லோ எதிர்பார்த்தவன்" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்க்க எனக்கும் கலங்கியது. வெளியே கார் ஹோர்ன் அடித்தது. மாப்பிள்ளை பொம்பிளை வந்துவிட்டார்கள். இனி ஒளிக்க நேரமில்லை. சவரிமுத்தர் குசினி வாசலில் கிடந்த சோடாப் பெட்டி ஒன்றைக் கண்டார். அதைத் தூக்கி வந்து அட்டைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஏறி, அட்டையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதும் உயரம் கொஞ்சம் குறைவுதான்.

நான் ஓடிப்போய் லித்துவேனியாக்காரரைப் பிடித்தேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெட்டியில் நிற்பவரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். நானாக இருந்தால் அட்டையை ஒளித்திருப்பேன், இல்லையென்றால் பெட்டிக்கு மேசைத்துணி போட்டு மூடியிருப்பேன். அவர் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

"மகன் வந்தவுடன் முதலில் என்ன செய்வான்?"

"முழந்தாளில் நிற்பான்" என்றேன். "ஆசீர்வாதம் வாங்க. எங்கள் வழக்கம்."

"நல்லது" என்று சொல்லி, இருந்த ஒரே கறுப்புக் கோட்டோடு, சனம் நடக்கிற பாதையில், கமராவைப் பிடித்துக்கொண்டு வயிறு நிலத்தில் பட நீளமாகப் படுத்துவிட்டார்.

ஆள் மயங்கி விழுந்துவிட்டார் என்று மண்டபம் கூடிவிட்டது. ஒருவர் எலுமிச்சைச் சோடாவை உடைத்துக்கொண்டு ஓடி வந்தார். அந்தக் கிழவி சேலைத் தலைப்பால் விசிறினார். வீடியோக்காரர் அவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனார். இவர் தலையைத் தூக்காமல், தமிழில், "பொறுங்கோ, பொறுங்கோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேளம் அடிக்க அன்ரனும் மெலனியும் உள்ளே வந்தார்கள். அன்ரன் மேடையடியில் இரண்டு அப்பாக்களைக் கண்டார். முதலில் பெரியவரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். மெலனியின் கையை விட்டுவிட்டு, மண்டபத்தின் நடுவால், லித்துவேனியாக்காரரின் தோளை மிதித்துக்கொண்டு ஓடினார். ஓடிப்போய் முழந்தாளில் விழுந்தார். விழுந்த இடத்தில் அவருடைய முகத்துக்கு நேரே சோடாப் பெட்டி இருந்தது.

மேளம் நின்றது. சவரிமுத்தர் பெட்டியிலிருந்து மெல்ல மகனுக்கு முன்னால் இறங்கினார். செருப்பு நிலத்தில் படுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, நான் இவ்வளவுதான்" என்றார்.

அன்ரன் எழும்பவில்லை. முழந்தாளில் நின்றபடியே தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தார். சவரிமுத்தர் பெருவிரலால் மகனின் நெற்றியில் சிலுவை போட்டார். "ஸே தோன் பபா?", உன் அப்பாவா, என்று மெலனி பிரெஞ்சில் கேட்டுக்கொண்டு வந்து, அவளும் பக்கத்தில் முழந்தாளில் இருந்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என்னைப் போல வாய்க்காரி அழுதால் பக்கத்தில் நிற்கிறவர்களும் அழுவார்கள், அழுதார்கள். தரையில் கமரா சத்தம் மட்டும் கேட்டது.

பிள்ளைகள், அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கடையில் நெடுநாள் தொங்கியது. மகனின் கண் இருந்த உயரத்தில், அதற்கும் கொஞ்சம் கீழே, கமரா இருக்கிறது. அங்கிருந்து பார்க்கச் சவரிமுத்தர் மண்டபக் கூரைவரை உயர்ந்து நிற்கிறார். மண்டப விளக்குகள் அவர் தலைக்குப் பின்னால் எரிகின்றன. பின்னால் நிற்கிற ஆறடி அட்டை அவர் தோளுக்குத்தான் வருகிறது. கணினியில் ஒரு புள்ளியையும் நாங்கள் தொடவில்லை. நானும் அத்தனை வருஷம் ஆட்களைத்தான் வெட்டினேன், நீட்டினேன், ஒட்டினேன். என் கண்ணை வைக்கிற இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டுமென்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நேரம் நெருக்கும்போது, படத்தில் இருக்கிறவருக்கு என்ன செய்யலாம் என்று கேட்காதீர்கள். அவரைப் பார்க்கப் போகிறவர் எங்கே நிற்பார் என்று கேளுங்கள். கோட்டுக்குச் சலவை வரும், பரவாயில்லை.

லித்துவேனியாக்காரர் இப்போது தன் ஊருக்குத் திரும்பிவிட்டார். அங்கே நடந்த அவருடைய கண்காட்சியில், கதவுகளுக்கு முன்னால் நிற்கிற தன் கிராமத்துச் சனத்துக்கு நடுவில் சவரிமுத்தரையும் மாட்டியிருந்தாராம். இந்தத் தடவை சனம் வந்ததாம், மழையும் இல்லையாம்.

அதெல்லாம் பிறகு. கலியாணத்துக்கு வந்த விசா முடிந்து ஊருக்குத் திரும்புகிற கிழமை சவரிமுத்தர் தனியாகக் கடைக்கு வந்தார். படத்தைப் பெரிதாக அடித்து மேசையில் விரித்து வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"அக்கா, இது கொம்பியூட்டரிலை செய்ததோ?"

"இல்லை ஐயா. உள்ளபடி எடுத்தது."

"ஒண்டும் கூட்டேல்லையோ?"

"ஒண்டும் கூட்டேல்லை."

அவர் லித்துவேனியாக்காரரைப் பார்த்தார். லித்துவேனியாக்காரர் செதுக்குகிற வேலையை நிறுத்திவிட்டு, "ஓம்" என்றார். சவரிமுத்தர் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் கைகொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். ஆறடிக்கு மேல் வளர்ந்த லித்துவேனியாக்காரரே நிமிர்ந்து போய் வருகிற வாசல் அது. சவரிமுத்தர் நிலையடியில் ஒரு கணம் நின்று, தலை இடித்துவிடாமல் நன்றாகக் குனிந்து, வெளியே போனார்.